என் மகனுக்காக வந்து நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

27 வயது மகனை வைத்தியத்துக்காகக் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் போனபோது எங்களுக்கு அங்கே யாரையும் தெரியாது. இன்று நன்றி சொல்ல வேண்டியவர்களை நினைத்தால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

ஊரில் முதலில் பார்த்த இடத்தில் டெங்கு என்றார்கள். காய்ச்சல் விட்ட பிறகும் தட்டணு, அதாவது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட், ஏறவே இல்லை. வேலூரில் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தபோதுதான் ரத்தம் ஊறும் இடமே வற்றிக் கிடப்பது தெரிந்தது. ஏபிளாஸ்டிக் அனீமியா. பொருந்தும் ஒருவரின் மஜ்ஜையை வாங்கி அவனுக்கு ஏற்றலாம், ஆனால் கூடப் பிறந்தவர்களின் மஜ்ஜை பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். மகளுக்குப் பார்த்தோம், பொருந்தவில்லை. அவள் அப்படி அழுதாள். அம்மாடி, உன் மேல் ஒரு குறையும் இல்லை, அதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

அதனால் மஜ்ஜையைத் தாக்கும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்க ஏ.டி.ஜி. என்ற மருந்தை ஏற்றினார்கள். குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராவது. கூடவே சைக்ளோஸ்போரின் மாத்திரை. மருந்து கேட்கிறதா என்று தெரியவே மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் என்றார் டாக்டர். "கேட்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கெஞ்சினேன். "எனக்கே தெரியாததை எப்படிம்மா சொல்வேன்? ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் உங்ககூட உக்காந்து பார்க்கிறேன்" என்றார். அன்றைக்கு அது கசந்தது. ஆனால் சொன்னபடியே ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தார். டாக்டர், முதல் நன்றி உங்களுக்குத்தான்.

மருந்து ஏறிய முதல் இரவு அவனுக்குக் கட்டில் அதிரும்படி குளிர் நடுக்கம். "இது நாங்க எதிர்பார்த்ததுதாம்மா" என்று சொல்லிக்கொண்டே போர்வை மேல் போர்வையாகப் போர்த்திய நர்ஸ் தங்கச்சிக்கும் நன்றி.

தட்டணு கொடுத்தவர்களைப் பற்றி என்ன சொல்வது! ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது அவனுக்குப் பத்தாயிரத்துக்குக் கீழே போய்விடும். ஈறில் ரத்தம் கசியும். எடுத்து வைத்தாலும் தட்டணு ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. அதனால் ஒவ்வொரு முறையும் ஆள் தேட வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் ஒருவர் சொல்லி ஒருவராக வந்தார்கள். மெஷினில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கையை நீட்டிப் படுத்திருக்க வேண்டும். ஒரு தம்பிக்கு மறுநாள் பரீட்சை. ஊசி ஏறாத கையால் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கொடுத்தான். பஸ்ஸுக்குப் பணம் நீட்டினேன், "வேண்டாம்மா" என்று ஓடியே போய்விட்டான். அந்த மஞ்சள் நிறப் பை ஏறி முடிந்த மறுநாள் காலை, மகன் பல் தேய்த்துத் துப்பிய தண்ணீர் வெள்ளையாக இருந்தது.

லாட்ஜில் பக்கத்து அறையில் கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு அக்கா. கணவருக்கு வைத்தியம். எனக்கு வங்காளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் ரிப்போர்ட் வாங்க ஓடினால் என் குக்கரை அவர் பார்த்துக்கொள்வார், குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து மூடி வைத்திருப்பார்.

ஊரிலிருந்து "ஒன்னும் ஆகாது" என்று சொன்னவர்களும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் போனை வைத்த பிறகு பயம் அப்படியே இருக்கும். எதிர்வீட்டு மதினி மட்டும் தினமும் ராத்திரி "நீ சாப்பிட்டியா?" என்று கேட்பார். நான் அழுதால் போனை வைக்காமல் இருப்பார். மதினி, அந்த ராத்திரிகளை உங்களால்தான் கடந்தேன்.

மகனின் நண்பர்களே, நீங்கள் வந்து கிரிக்கெட் பேசிய நேரத்தில்தான் அவன் நோயாளியாக இல்லாமல் இருந்தான். நானும் கொஞ்சம் தூங்கினேன்.

இப்போது நாலாவது மாதம் நடக்கிறது. தட்டணு ஏற்றும் இடைவெளி கொஞ்சம் கூடியிருக்கிறது. டாக்டர் இன்னும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

தட்டணு கொடுத்த தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், ஒரு நாள் கட்டாயம் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். உங்களையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

நன்றியுடன்,
அவன் அம்மா