ஆட்டுக்கு முன் கொட்டில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வன்னிக்கு ஆடு சரிவராது, வாழ்வாதார உதவியாகக் கொடுத்த ஆடெல்லாம் செத்துப்போச்சு என்று போன கிழமை எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் சொன்னார், பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம். போர் முடிந்து 2010இல் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வளவில் பற்றையைத் தவிர ஒன்றும் இல்லை, என் மனுசனும் இல்லை. அக்கா ஒரு மறிக்குட்டியை, அதாவது பெட்டைக் குட்டியை, பங்குக்குத் தந்தா. பிறக்கிற குட்டியில் பாதி அவவுக்கு, பாதி எனக்கு, அவ்வளவுதான் பேச்சு. ஆட்டுக்கு ஐந்து மாதம்தான் சினை. முதல் ஈற்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அப்புறம் பெரும்பாலும் இரட்டைதான். மூன்று வருசத்தில் அக்காவின் பங்கைக் கொடுத்து முடித்து எனக்கென்று ஏழு ஆடு நின்றது.

மாடு வளர்க்க மேய்ச்சல் தரை வேண்டும், அது இங்கே பெரிய வில்லங்கம். வயல் செய்யக் காணியும் தண்ணீரும் கைக்காசும் வேண்டும். ஆட்டுக்கு என் வேலியே போதும். கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை என்று கதியாலில் தழைக்கிற குழையை வெட்டிக் கட்டிவிட்டால் நின்று தின்னும், ஆடு புல்லைவிடக் குழையைத்தான் விரும்பும். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும்போது ஒரு கிடாயை விற்றால் கொப்பி, சப்பாத்து, ரியூசன் காசு எல்லாம் அதற்குள் முடிந்துவிடும். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற நுண்கடன்காரரிடம் நான் ஒருநாளும் கை நீட்டவில்லை, அதற்குக் காரணம் இந்த ஆடுகள்தான். எந்த ஆட்டை எப்போது விற்பது என்று நானே முடிவெடுக்கிறேன், ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று அனுபவித்தால்தான் தெரியும்.

எருவையும் சொல்ல வேண்டும். 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தினபோது, அதுவரை ஆட்டுப் புழுக்கை நாற்றம் என்று முகம் சுளித்த தோட்டக்காரரே உரப்பையோடு என் படலையில் வந்து நின்றார்கள். பால் கொஞ்சம்தான், பேரனுக்குப் போதும்.

சரி, கொடுத்த ஆடுகள் ஏன் செத்தன? எங்கள் ஊருக்கு ஒரு திட்டத்தில் ஐப்பசி மழைக்குள் லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஜமுனாபாரி என்ற இந்திய இனத்தின் நல்ல கலப்பு, ஆனால் ஒரு வீட்டிலும் கொட்டில் இல்லை. மழையை மாடு தாங்கினாலும் ஆடு தாங்காது. ஈரத்தில் படுத்தால் சளி பிடிக்கும், குளம்பு அழுகும், புல்லில் பனி காய முன்னம் மேயவிட்டால் குடற்புழு ஏறும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாலே தெரியும், சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் புழு இரத்தத்தைக் குடிக்கிறது என்று அர்த்தம். இதை அந்தப் பெண்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 2022 டிசெம்பரில் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் மாடும் ஆடும் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்ததை எல்லாரும் கண்டோம். அன்றைக்கு என் ஆடுகள் நிலத்துக்கு மேலே பலகை அடித்த பரணில் நின்றன, மூன்று பக்கமும் கிடுகும் உரப்பையும் கட்டியிருந்தேன், இரண்டு குட்டியை மட்டும் அடுப்படியில் சாக்குக்குள் வைத்துக் காப்பாற்றினேன்.

ஆகவே உதவி செய்கிறவர்களிடம் கேட்பது இதுதான். முதலில் நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில், புழுக்கை கீழே விழுகிற மாதிரி இடைவெளி விட்டுப் பலகை அடித்த ஒரு பரண் கொட்டிலுக்குக் காசு கொடுங்கள். மழை முடிந்து மாசி, பங்குனியில் ஆட்டைக் கொடுங்கள். தூர இடத்து ஆடு வேண்டாம், இந்த வெயிலிலும் குழையிலும் வளர்ந்த ஊராட்டையே பக்கத்து ஊரில் வாங்கிக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து மிருக வைத்தியரோடு ஒருதரம் திரும்பி வாருங்கள்.

நம்பாதவர்கள் எங்கள் ஊருக்குப் பின்னேரம் ஐந்து மணிபோல வரட்டும், ஆடுகள் பட்டிக்குத் திரும்புகிற நேரம் அதுதான்.

ஆடு வளர்க்கும் ஒரு தாய்,
ஒட்டுசுட்டான்.