கிளினிக் கொப்பியில் கடற்கரையையும் எழுதுங்கள்

கிழக்கு மாகாண சுகாதாரத் துறையினருக்கும் திருகோணமலை நகரை நிர்வகிப்போருக்கும்,

வணக்கம்.

என் அம்மாவுக்கு வயது 63. பத்து வருடமாகச் சீனி வருத்தம், அதோடு பிரஷர். மாதம் ஒருமுறை விடிய முன்பே போய் நம்பர் எடுத்துக் கிளினிக்கில் காத்திருப்போம். போன முறை இளம் டொக்டர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். "அம்மா, குளிசை மட்டும் போதாது. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடக்கோணும்." அம்மா தலையாட்டிவிட்டுக் கேட்டார்: "எங்க தம்பி நடக்கிறது?"

டொக்டரிடம் பதில் இல்லை. வெளியே அத்தனை பேர் காத்திருக்க, அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அம்மாவின் கேள்வியைத்தான் இப்போது உங்களிடம் கொண்டு வருகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் நடந்தால் ஓட்டோ உரசிக்கொண்டு போகும். அதனால் அம்மா வீட்டு விறாந்தையில் அங்குமிங்கும் நடப்பார், பத்து நிமிடத்தில் அலுத்து உட்கார்ந்துவிடுவார். டச்பே கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் அவர் கடைசியாக அங்கே போனது கொழும்பிலிருந்து சித்தி வந்திருந்தபோது. எங்கள் பெண்கள் பலருக்குக் கடற்கரை என்றால் விருந்தாளியோடு போகிற இடம், இல்லாவிட்டால் ஆடி அமாவாசைக்குப் போகிற இடம். தனக்காகப் போவது என்பது பழக்கத்திலேயே இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அம்மாவை எங்கள் ஊர் பிரெட்ரிக் கோட்டைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். வாசலைத் தாண்டியதும் மர நிழலில் மான்கள் நின்றன. ஒரு பெண்மான் விழுந்து கிடந்த பழுத்த இலையைத் தின்றுகொண்டிருந்தது, குட்டி அதன் காலுக்குள்ளே நுழைந்து நுழைந்து வந்தது. அம்மா அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் மான்களை எண்ணிக்கொண்டே ஏறினார், கோணேசர் கோயில் வாசல் வரை. மேலே கடற்காற்று சேலைத் தலைப்பை இழுத்தது. திரும்பி வந்து பார்த்தால் ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. நடந்ததாகவே அவருக்குத் தெரியவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய தகவலை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று வெளியே கழித்தவர்கள், தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். அதை ஒரே நாளில் கழித்தாலும் சரி, பிரித்துக் கழித்தாலும் சரி. நாட்பட்ட நோய் உள்ளவர்களிடமும் இதே போக்குத்தான். நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்று நீங்கள் கேட்கலாம், அது நியாயமான கேள்வி. ஆனால் 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில் யாரும் எங்கும் போகவில்லை. பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டிலில் கிடந்தவர்கள் அவர்கள். சிலருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள், சிலருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துக் கிடந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. நாங்கள் போகிற கிளினிக்குக்கு முன்னால் ஒரு வேம்பு நின்றது. வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று தறித்துவிட்டார்கள். அதன் கீழே குந்தியிருந்த கிழவர்கள் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு தகரக் கூரைக்குக் கீழே வேர்க்கிறார்கள்.

ஸ்கொட்லாந்தின் ஷெட்லண்ட் தீவுகளில் 2018 முதல் டொக்டர்மார் மருந்தோடு சேர்த்து இயற்கையையும் எழுதிக் கொடுக்கிறார்கள். எந்த மாதம் எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம் என்று அந்தத் தீவுக்கே உரிய ஒரு நாட்காட்டியும் கூடவே கிடைக்கும். நம் ஊருக்கு அப்படி ஒன்று எழுத எவ்வளவு இருக்கிறது! சித்திரை, வைகாசியில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். உப்புவெளியில் கணுக்கால் தண்ணீரில் நடக்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் திமிங்கிலம் மூச்சு விடுவதும் தெரியும். பாலைப்பழம் வருகிற காலமும் அதை ஒட்டித்தான். ஆனி, ஆடியில் கச்சான் காற்று நெருப்பாக வீசும், ஆகவே விடியற்காலையில் கோட்டை நிழல்தான் சரி. கரைவலை இழுக்கிற நாளில் போய்ப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் கொந்தளிப்பும், அப்போது கடலுக்குப் போகச் சொல்லாதீர்கள். தை பிறந்து மழை ஓய்ந்ததும் வெளி முழுக்கப் பச்சை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு ஒரு காலை போய் வரலாம்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கடலைத் திரும்பிப் பார்க்காதவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். போரைக் கண்ட வயதினரில் பலருக்குக் காடு என்றாலே பயம். அவர்களிடம் முதலில் எங்கே போக மனம் வருகிறது என்று கேளுங்கள். சிலருக்குக் கோயில் வீதி மரத்தடி போதும்.

சுகாதாரத் துறையினரிடம் கேட்பது இதுதான்: "நடவுங்கள்" என்று சொல்லும்போது இடத்தின் பெயரையும் நேரத்தையும் கொப்பியில் எழுதிக் கொடுங்கள். ஒரே கிளினிக்குக்கு வருகிற பத்துப் பெண்களைச் சேர்த்து விட்டால் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள், துணையில்லை என்ற பேச்சும் நிற்கும். குளிசையை நிறுத்தச் சொல்லவில்லை, அது அப்படியே இருக்கட்டும். நகரை நிர்வகிப்போரே, கரையில் உடைந்த போத்தல்களை அள்ளுங்கள். பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை ஒன்று, வழி நெடுக உட்கார வாங்குகள், மாலையில் வெளிச்சம், இவ்வளவும் வேண்டும். தறித்த வேம்புக்குப் பதிலாக ஒன்றை இந்த மழைக்கே நட்டுவிடலாம்.

அம்மாவும் நானும் இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஆறு மணிக்குக் கோட்டை வாசலில் நிற்கிறோம். உங்களில் யாராவது ஒருவர் வந்து எங்களோடு மேலே வரை நடவுங்கள். பாதி ஏற்றத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கும், உட்கார எங்கே இடம் வேண்டும் என்று அவரே காட்டுவார்.

இப்படிக்கு,
ஒரு மகள்
திருகோணமலை