தரையில் மட்டும் அமைதி போதாது

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் உறுப்பு நாட்டுப் பேராளர்களுக்கு,

வணக்கம். 2027-இல் கூடவிருக்கும் உலக ரேடியோ மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில், ரேடியோ அமைதி மண்டலங்களை, அதாவது தொலைநோக்கிகளுக்காக ரேடியோ ஒலிபரப்பு கட்டுப்படுத்தப்பட்ட இடங்களை, செயற்கைக்கோள்களின் இரைச்சலிலிருந்து காப்பது பற்றியும் பேசப்போகிறீர்கள். அதை அடுத்த மாநாட்டுக்குத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்கவே இம்மடல்.

என் கவலை, தொலைதூர விண்மீன் திரள்களிலிருந்து வரும் ரேடியோ வெடிப்புகளைப் பற்றியது. முதல் வெடிப்பு ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 2001-இல் பதிவானது. டங்கன் லோரிமர் குழு அதைக் கண்டறிந்து வெளியிட்டது 2007-இல். ஐந்து மில்லிவினாடிகூட அது நீடிக்கவில்லை. ஆனால் அந்தத் துளி நேரத்துக்குள் ஒரு நெடும்பயணத்தின் கணக்கு இருக்கிறது. வழியிலுள்ள எலக்ட்ரான்கள் தாழ்ந்த அதிர்வெண்களைக் கூடுதலாகத் தாமதப்படுத்துகின்றன. அதனால் உயர்ந்தவை முந்தி வருகின்றன, தாழ்ந்தவை பிந்துகின்றன. இந்த இடைவெளியை அளந்தால் வழியில் எவ்வளவு பொருள் பரவிக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். பிரபஞ்சத்தின் சாதாரணப் பொருளில் ஒரு பெரும் பங்கு கணக்கில் சிக்காமலே இருந்தது. அது விண்மீன் திரள்களுக்கு இடையில்தான் இருக்கிறது என்று 2020-இல் காட்டியது இந்த அளவீடு.

உங்கள் விதிகள் போதாமல் போவது இங்கேதான். வானியலுக்கென்று நீங்கள் ஒதுக்கியிருப்பவை 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறுகிய கீற்றுகள். ஹைட்ரஜன் வெளிவிடும் ரேடியோ அலையைப் பார்க்க அது உதவும். தாமதத்தை அளக்கவோ அகன்ற அதிர்வெண் பரப்பு தேவை. கனடாவின் சைம் தொலைநோக்கி 400 முதல் 800 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்டுத்தான் தன் முதல் பட்டியலில் 536 வெடிப்புகளைத் தந்தது.

அவ்வளவு அலைவரிசைகளையும் யாரும் விட்டுத்தர மாட்டார்கள் என்பதால்தான், மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் போன்ற ஆளரவமற்ற இடங்களை அமைதி மண்டலங்களாக்கினார்கள். தரையில் கைப்பேசியைத் தடுக்கலாம், தலைக்கு மேல் போகும் செயற்கைக்கோளை அந்த நாட்டுச் சட்டம் என்ன செய்யும்? ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களின் மின்னணுக் கருவிகளிலிருந்து, ஒலிபரப்பே இல்லாத அதிர்வெண்களிலும் கசிவு வருவதை நெதர்லாந்தின் லோஃபார் தொலைநோக்கி 2023-இல் பதிவு செய்தது. அடுத்த தலைமுறைக் கோள்களில் அந்தக் கசிவு 32 மடங்கு வரை கூடியிருந்ததாக 2024 ஆய்வு சொல்கிறது. இது உரிமத்தில் எழுதாத ஒலிபரப்பு. நீங்கள் சீட்டுக் கொடுக்காமலே நடக்கிறது.

பார்க்ஸில் ஒருமுறை வெடிப்பு போலத் தோன்றிய சில சமிக்ஞைகள் வந்தது அங்கிருந்த மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து என்று 2015-இல் தெரியவந்தது. அடுப்பை அணைத்துவிடலாம். 1967-லேயே செயலிழந்த ரிலே 2 செயற்கைக்கோள் 2024-இல் திடீரென ஒரு துடிப்பை உமிழ்ந்து, மர்ச்சிசனில் வெடிப்பு தேடுகிறவர்களைத் திகைக்க வைத்ததே, அதை யார் அணைப்பது?

செயற்கைக்கோளே வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பி போகாத ஊருக்கு இணையம் போகட்டும். தொலைநோக்கி பார்க்கும் திசையைக் கடக்கும்போது செயற்கைக்கோள் தன் ரேடியோ கற்றையைத் திருப்பவோ அணைக்கவோ முடியும் என்பதை அமெரிக்காவில் ஸ்பேஸ்எக்ஸும் தேசிய ரேடியோ வானியல் ஆய்வகமும் சேர்ந்து செய்து காட்டியிருக்கின்றன. நிறுவனத்தின் நல்ல மனசை நம்பி நிற்கும் அந்த ஏற்பாட்டை விதியாக்குங்கள். கசிவுக்கும் ஒரு வரம்பு வையுங்கள்.

இந்தியக் குழுவினருக்குத் தனியாக ஒன்று: புணே அருகே உள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட நமது மாபெரும் மீட்டர் அலைத் தொலைநோக்கியும் இந்த வெடிப்புகளைப் பிடித்திருக்கிறது. மாநாட்டில் நீங்கள் பேசுவது அதற்காகவும்தான்.

இப்படிக்கு,
வானியல் ஆர்வலன் ஒருவன்