மாலரின் பியானோ குவார்ட்டெட்டை எடுத்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நண்பர்கள் மூவருடன் சேர்ந்து இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் ஏ மைனர் பியானோ குவார்ட்டெட்டை (பியானோ, வயலின், வயோலா, செல்லோ நான்கும் சேர்ந்து வாசிப்பது) எடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். மிக நல்ல தேர்வு. ஆனால் அவருடைய பெரிய சிம்பொனிகளை இதற்குள் தேடாதே. இது 1876-ல் வியன்னா கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது எழுதியது. ஜூலை 10 அன்று அங்கே வாசித்தபோது பியானோவில் உட்கார்ந்தவரும் அவரே. 16 வயது நிறைந்து மூன்றே நாள். ஷூமன், பிராம்ஸ் என்ற இசையமைப்பாளர்களைக் கரைத்துக் குடித்த பையனின் இசை இது. அப்படியே வாசித்தால் போதும்.

எல்லாம் மூன்று ஸ்வரங்களில் நிற்கிறது: ஏ, எஃப், ஈ. மேலே ஒரு தாவல், உடனே அரை ஸ்வரம் இறக்கம். உன் இடது கை அதைக் கீழ்ஸ்தாயியில் சொல்லும்போது வலது கையில் ட்ரிப்லெட் கார்டுகள் (மூன்று மூன்றாக வரும் ஸ்வரக் கூட்டுகள்) ஓடும். பலர் சறுக்குவது இங்கேதான். இன்றைய பியானோவின் கீழ்ப்பகுதி கனமானது. எஃப் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஈ விழுந்தால் இரண்டும் குழம்பிச் சேறாகிவிடும். அதனால் ஈ-யில் பெடலை மாற்று. பாரம் எஃப்-இல் விழட்டும், ஈ தளரட்டும். வலது கை விசையை விட்டு முழுதாக எழ வேண்டாம். பாதி எழுந்தாலே அடுத்த கார்டு மென்மையாக வரும். முதலில் இடது கையை மட்டும் தனியாக வாசித்து, வயலின், வயோலா, செல்லோ மூவரும் அந்த எஃப்-இன் அழுத்தத்தை அப்படியே வில்லில் எடுக்கிறார்களா என்று கேள்.

வேகக் குறிப்பு ‘அதிக வேகம் வேண்டாம்’ என்கிறது. அதை ‘மெதுவாக’ என்று எடுத்துக்கொண்டு இழுத்தால், ‘உறுதியோடு’ என்று குறித்த பகுதி வரும்போது எல்லோரும் திடீரென்று ஓடத் தொடங்குவீர்கள். ஆகவே அந்தப் பகுதியிலிருந்து வேகத்தை முடிவுசெய்து, தொடக்கத்துக்குத் திரும்பு.

முடிவை நெருங்கும்போது வயலினுக்கு ஒரு கேடன்சா, அதாவது தனித்து வாசிக்கும் பகுதி, உண்டு. அதில் மாலர் மிகுந்த ரூபாட்டோவும் (வேகத்தைத் தளர்த்தியும் இறுக்கியும் வாசிப்பது) உணர்ச்சி வேகமும் கேட்கிறார். அங்கே மற்ற மூவரும் எண்ணக் கூடாது, வயலின்காரரின் வில்லைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: இந்தக் குவார்ட்டெட்டில் முழுமையாக இருப்பது இந்த ஒரு மூவ்மெண்ட் (படைப்பின் ஒரு பகுதி) மட்டுமே. ஜி மைனர் ஸ்கெர்ட்சோ என்ற இன்னொரு மூவ்மெண்டில் எஞ்சியவை 24 பார்கள் (தாளக் கட்டங்கள்). அந்தத் துண்டை வைத்து இசையமைப்பாளர் ஷ்னிட்கே 1988-ல் தனியாக ஒரு பியானோ குவார்ட்டெட் எழுதினார். நிகழ்ச்சியில் அதையும் சேர்க்கலாம், ஆனால் மாலரை நிறுத்தி ஒரு இடைவெளி விட்டு ஆரம்பியுங்கள். இரண்டுக்கும் ஒரே பயிற்சி நேரம் ஒதுக்காதே. ஷ்னிட்கேயில் சுருதி பிடிக்கவே கம்பிக் கருவிக்காரர்களுக்கு நிறைய நேரம் பிடிக்கும்.

அன்புடன்,
அண்ணன்