‘செட்டில்மென்ட்’ என்ற ஒரு சொல்லும் சிபில் விளம்பரங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில், ‘சிபில் ஸ்கோர் குறைவா? ஒரே மாதத்தில் 750க்கு மேல் உயர்த்தித் தரப்படும்’ என்ற வாசகத்தோடு சில மாதங்களாக விளம்பரங்கள் வருகின்றன. சிபில் ஸ்கோர் என்பது, நாம் கடனைத் திருப்பிக் கட்டிய விதத்தை வைத்து நமக்கு இடப்படும் மதிப்பெண். அந்த விளம்பரங்களைப் பற்றி எழுத எனக்கு ஓரளவு தகுதியும், அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கூச்சமும் உண்டு. நான் சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறேன். கிட்டத்தட்ட இதே வாசகம் கொண்ட துண்டுப் பிரசுரத்தை இரண்டு முறை அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். அச்சடித்த கையோடு, அதிலிருந்த எண்ணைத் தொடர்புகொண்டு என் கணக்கைச் சரிசெய்து தர முடியுமா என்று நானே கேட்டும் இருக்கிறேன்.

2020 ஊரடங்கில் திருமண அழைப்பிதழ் வேலை அடியோடு நின்றுபோனதும், காகிதம் வாங்கப் பயன்படுத்திய கிரெடிட் கார்டின் பாக்கி ஏறிக்கொண்டே போயிற்று. 2021ஆம் ஆண்டு முடிவதற்குள் வட்டியும் அபராதமும் சேர்ந்து அது 64,300 ரூபாயாகிவிட்டது. வசூல் முகவர் ஒருவர் தினமும் தொலைபேசியில் அழைப்பார். ஒரு நாள் குரலைத் தாழ்த்தி, “ஒரே தடவையா 40,000 கட்டிடுங்க சார், செட்டில்மென்ட் போட்டு முடிச்சிடலாம்” என்றார். மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. கடன் தீர்ந்ததற்கான சான்று என்று நம்பி அதை லேமினேட் செய்து வைத்தேன்.

சென்ற ஆண்டு பழைய ஆஃப்செட் இயந்திரத்தை மாற்றுவதற்காகக் கடன் கேட்டபோதுதான் அந்தக் கடிதத்தின் பொருள் விளங்கியது. வங்கிக் கிளை மேலாளர், என் கடன் வரலாற்று அறிக்கை தெரிந்த தம் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார். கணக்கின் நிலை என்ற இடத்தில் ‘செட்டில்டு’ என்று இருந்தது. ஆங்கிலத்தில் ‘முடிந்தது’ என்பதற்கு ‘குளோஸ்டு’ என்று தனிச் சொல் இருக்கிறது. அது அங்கே இல்லை. ‘செட்டில்டு’ என்றால், கொடுக்க வேண்டியதை இவர் முழுமையாகக் கொடுக்கவில்லை, கடன் கொடுத்தவர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிட்டார் என்று பொருள். நாம் பேச்சில் ‘கணக்கை செட்டில் பண்ணியாச்சு’ என்று சொல்லும்போது பைசா பாக்கியில்லை என்ற நிம்மதியோடு சொல்கிறோம். அறிக்கையில் அதே சொல், பாக்கி வைத்துவிட்டுப் போனவர் என்ற அடையாளமாக நிற்கிறது. ஒரே சொல் இரண்டு இடத்தில் இப்படி நேர்மாறாக நிற்பதால் ஏமாறுகிறவர்கள் நான் ஒருவன் மட்டுமாக இருக்க முடியாது.

இதே போன்ற இன்னொரு குழப்பத்தில் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு என்பதைத் தாழ்மையோடு சொல்ல வேண்டும். வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து வாராக்கடனை நீக்கி வைப்பதும், அரசோ வங்கியோ கடனையே வேண்டாமென்று விடுவதும் தலைப்புச் செய்திகளில் ஒன்றுபோலத் ‘தள்ளுபடி’ என்றே வருகின்றன. முதலாவதில் கடன் ஒழிவதில்லை. வாங்கியவர் கட்டியே ஆக வேண்டும். தம் அறிக்கையில் அந்த முதல் வகையைக் குறிக்கும் ‘ரிட்டன் ஆஃப்’ என்ற சொல் இருப்பதைப் பார்த்து, ‘தள்ளுபடி ஆகிவிட்டது’ என்று மகிழ்ந்த ஒரு நண்பர் எனக்கு உண்டு. உண்மையில் அது ‘செட்டில்டு’ என்பதைவிடவும் மோசமான குறி.

நம் கடன் விவரங்களை வங்கிகளிடமிருந்து திரட்டி இந்த அறிக்கையைத் தயாரிக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் நாட்டில் நான்கு உள்ளன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். முதலில் வந்தது சிபில் என்பதால், எல்லா அறிக்கைகளையும் ‘சிபில்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 2005ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்படி, நம்மைப் பற்றிய அறிக்கையைப் பார்க்கவும் அதிலுள்ள தவறைத் திருத்தக் கோரவும் நமக்கு உரிமை உண்டு. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2017 ஜனவரி முதல், ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை நமக்கு இலவசமாகத் தர வேண்டும். நான்கு நிறுவனங்களிலும் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால், காசு செலவில்லாமல் ஆண்டு முழுவதும் ஒரு கண் வைத்திருக்கலாம். நாமே நம் அறிக்கையைப் பார்ப்பதால் மதிப்பெண் குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள், அது குறையாது. கடன் கேட்டு நாம் விண்ணப்பித்து, அதற்காக வங்கி எடுத்துப் பார்க்கும்போதுதான் அது ‘விசாரணை’ என்று பதிவாகிறது. குறுகிய காலத்தில் அத்தகைய பதிவுகள் பல சேர்ந்தால்தான் மதிப்பெண் இறங்குகிறது.

மதிப்பெண் 300 முதல் 900 வரை என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த மூன்று இலக்க எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மூடிவிடுவது, மதிப்பெண் பட்டியலில் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு எந்தப் பாடத்தில் போயிற்று என்று பாராமல் விடுவது போன்றது. விஷயம் உள்ளே, கட்டம் கட்டமான பகுதியில் இருக்கிறது. ஒவ்வொரு கடனுக்கும் மாதம் ஒன்றுக்கு ஒரு சிறு கட்டம் என 36 மாதங்கள் வரை காட்டப்பட்டிருக்கும். கட்டத்தில் மூன்று சுழி இருந்தால் அந்த மாதம் பாக்கியில்லை. 032 என்று இருந்தால் தவணைத் தேதி கடந்து 32 நாட்களாகிவிட்டன. எக்ஸ் குறி மூன்று இருந்தால் அந்த மாதத் தகவலை வங்கி அனுப்பவில்லை என்றுதான் பொருள். அது நம் குற்றமன்று. என் கார்டின் கட்டங்களைப் பார்த்தபோது, சுழிகளாக வந்துகொண்டிருந்த வரிசையில் திடீரென்று 029, பிறகு 060, பிறகு 090, அதைத் தாண்டியதும் வாராக்கடன் என ஏறிப்போயிருந்தது. அச்சகத்தில் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த மாதங்களை யாரோ நாள்கணக்குப் போட்டு எழுதி வைத்திருந்ததுபோல இருந்தது.

அந்த எண்கள் உண்மை. உண்மையாக நடந்த தாமதத்தை எந்த முகவராலும் அழிக்க முடியாது. நான் தொலைபேசியில் பேசிய முகவர் 12,000 ரூபாய் கேட்டார். பான் அட்டை நகலையும், என் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் கேட்டார். என்ன செய்வீர்கள் என்று துருவியதில், ‘இந்தப் பதிவு தவறு’ என்று என் பெயரில் ஆட்சேபங்களை மளமளவென்று பதிவுசெய்வதைத் தவிர வேறெதுவும் அவர் சொல்லவில்லை. ஆட்சேபத்தை நாமே கட்டணமின்றிப் பதிவுசெய்யலாம். அதைப் பெற்றுக்கொள்ளும் கடன் தகவல் நிறுவனம், கடன் கொடுத்த வங்கியிடம்தான் கேட்கும். வங்கி உறுதிசெய்யாமல் ஓர் எழுத்தையும் அந்த நிறுவனம் தானாக மாற்றாது. ஆகவே சரிசெய்ய வேண்டிய இடம் வங்கி. நானும் அங்கேதான் போனேன். விடுபட்ட 24,300 ரூபாயைக் கட்டினால் கணக்கின் நிலையை மாற்றி அனுப்புவீர்களா என்று முதலில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி, அதன் பிறகே கட்டினேன். நிலுவையில்லாச் சான்று கிடைத்தது. ‘செட்டில்டு’ போய் ‘குளோஸ்டு’ வந்தது. தாமத நாட்களின் கட்டங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அதற்கு நான் யாரையும் நோகவில்லை.

தவறான பதிவு என்பது வேறு வகை. அதில் நாம் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. நான்கு அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்ததில், மூன்றில் இல்லாத ஓர் இருசக்கர வாகனக் கடன் ஒன்றில் மட்டும் என் பெயரில் இருந்தது. எனக்கு வண்டிக் கடன் கிடையாது. காரணத்தைத் தேடியபோது நம் பெயர் வழக்கமே கண்ணுக்குப் பட்டது. நமக்கு முதலெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. ஒரு வங்கி முதலெழுத்தை முன்னால் போடும், இன்னொன்று பின்னால் போடும், மூன்றாவது அப்பா பெயரை முழுமையாக விரித்து எழுதும். என் அறிக்கையில் பெயர் மட்டும் மூன்று வடிவங்களில் இருந்தது. அதே பெயரும் அதே பிறந்த தேதியும் கொண்ட வேறு யாரோ ஒருவரின் கடன் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரை ஒரே வடிவத்தில் வைத்துக்கொள்வது நம்மவர்களுக்கு மற்றவர்களைவிட அவசியம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இத்தகைய புகாரை 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. வங்கிக்கு 21 நாள், மீதி கடன் தகவல் நிறுவனத்துக்கு. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டு, அது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. என் புகார் தீர 41 நாட்களாயின. 11 நாளுக்கு 1,100 ரூபாய் வர வேண்டும்; தானாக வரவில்லை. விதியைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் எழுதிய பிறகே வந்தது. கடன் அடைத்த பிறகு சொத்துப் பத்திரத்தைத் திருப்பித் தராமல் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று அதே ரிசர்வ் வங்கி விதித்திருக்கும்போது, ஒருவரின் நாணயத்தைத் தவறாக எழுதி வைத்திருப்பதற்கு 100 ரூபாய் என்பது எந்தக் கணக்கில் சரி என்று எனக்குப் புரியவில்லை. புகாருக்குப் பதிலே வராவிட்டாலும், வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன. அதற்கும் கட்டணமில்லை.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவரின் அறிக்கையிலும் அந்தக் கடன் ஏறும் என்பதையும், நண்பர் தவணை தவறினால் இவருடைய மதிப்பெண்ணும் சேர்ந்தே இறங்கும் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

மீண்டும் நல்ல பெயர் எடுப்பதற்குக் குறுக்கு வழி எனக்குக் கிடைக்கவில்லை. வைப்புத்தொகை ஒன்றைப் பிணையாக வைத்து, அதன்மேல் சிறிய வரம்புள்ள கார்டு வாங்கி, மாதம் மின் கட்டணம் அளவுக்கு மட்டும் செலவழித்து, முழுத் தொகையும் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தமாகும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதத்துக்கு இரண்டு முறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், நல்லதும் கெட்டதும் முன்பைவிடச் சீக்கிரம் ஏறுகின்றன. மதிப்பெண் மெல்ல நகர்கிறது. இயந்திரக் கடன் இன்னும் கிடைக்கவில்லை.

என் வேண்டுகோள்கள் இரண்டு. கடனைக் குறைத்து வாங்கிக்கொள்ளும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும், வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவதற்கு முன்பே, அவருக்குத் தெரிந்த மொழியில், கொட்டை எழுத்தில் ஒரு வரி தர வேண்டும்: ‘இத்தொகையைச் செலுத்தினாலும் இக்கணக்கு முழுமையாக அடைக்கப்பட்டதாகப் பதியப்படாது, மீதி இத்தனை ரூபாயையும் செலுத்தினால் மட்டுமே அவ்வாறு பதியப்படும்.’ அந்த வரி அன்று எனக்குக் கிடைத்திருந்தால், மீதியைத் தவணையாகக் கட்டுகிறேன் என்று கேட்டிருப்பேன். இரண்டாவது தங்களுக்கானது. இத்தகைய விளம்பரங்களை ஏற்கும்போது, ‘உண்மையான கடன் பதிவுகளை எவராலும் நீக்க முடியாது, தவறான பதிவுகள் குறித்து வாசகர்களே கட்டணமின்றிப் புகார் செய்யலாம்’ என்ற குறிப்பையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

மூன்றாம் முறையாகத் துண்டுப் பிரசுரம் அடிக்க அதே முகவர் அண்மையில் வந்தார். தங்களிடம் கேட்ட அதே குறிப்பைக் கீழே சேர்த்தால் அச்சடித்துத் தருகிறேன், அந்தக் குறிப்புக்குக் கூலி வேண்டாம் என்றேன். யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். இரண்டு மாதமாகிறது.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன், அச்சக உரிமையாளர்