மனு கொடுத்தவர் பெயர் யார் கைக்குப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில் நிறுவனங்களின் மனித உரிமைக் கடமைகள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கடமைகளை விரிவாகச் சொன்ன கட்டுரை, கடமை தவறியதை முதலில் வாய்விட்டுச் சொல்லும் ஆளுக்கு என்ன நேர்கிறது என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டது. கொடைக்கானல் மேல்மலையில் பல ஆண்டுகள் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மலை இதை ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. பாம்பாறு சோலைக்கு மேலே, அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலை 1980களில் தொடங்கியது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. இன்று அந்த நிறுவனத்தின் பெயர் இந்துஸ்தான் யூனிலீவர். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை 2001 மார்ச்சில் உள்ளூர்க்காரர்களும் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் ஊரறியச் செய்தார்கள். அந்த மாதமே ஆலை நின்றது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. முன்னாள் தொழிலாளர்கள் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக நிறுவனம் உடன்படிக்கைக்கு வந்தது 2016 மார்ச்சில். அதுவும் மனிதாபிமான அடிப்படையில் என்றுதான் சொன்னது. ஆலையால் உடல்நலக் கேடு வந்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆலை மண்ணைச் சுத்தம் செய்யும்போது கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசத்தை விட்டுவைக்கலாமா என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை.

ஆலை மூடியதிலிருந்து அந்த உடன்படிக்கை வர 15 ஆண்டுகள். அந்தக் கண்ணாடிக் குவியலைப் பார்த்தவர்கள் நமக்கென்ன என்று போயிருந்தால் அதுகூட நடந்திருக்காது.

இனி எங்கள் கிராமத்துக் கதை. ஊருக்கு மேலே ஒரு தங்கும் விடுதி இருக்கிறது. அதன் கழிவுநீர் எங்கள் ஓடையில் கலக்கிறது. கேரட் கழுவுவதும் பூண்டுக்குப் பாய்ச்சுவதும் அந்த ஓடைத் தண்ணீரில்தான். காலையில் பார்த்தால் கல்லிடுக்கில் சோப்பு நுரை பஞ்சு மாதிரி நிற்கும். சனி, ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை கிட்டப் போக முடியாத நாற்றம். குழாய் எந்த இடத்தில் புதருக்குள் திறந்து கிடக்கிறது என்று எனக்குக் காட்டியது, அதே விடுதியில் துணி துவைக்கும் வேலை பார்த்த எங்கள் ஊர்ப் பையன். நான் மனு எழுதினேன். 14 பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஓர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கி வந்தோம்.

ஒன்பதாம் நாள் விடுதி மேலாளர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். கையில் ஜெராக்ஸ். என் கையெழுத்தில் நான் எழுதிய மனு. ஓரத்தில் அலுவலக முத்திரை, கீழே வரிசையாக 14 பேரின் பெயர், செல்போன் எண், கடைசியில் ஒரு பாட்டியின் கைநாட்டு. மை பரவியிருந்ததுகூட அப்படியே தெரிந்தது. "ஐயா, உங்க வயசுக்கு இதெல்லாம் எதுக்கு? உங்க ஊர்ப் பிள்ளைங்க எங்ககிட்டதானே வேலை பாக்குது" என்றார். குரலை உயர்த்தவில்லை. மறுவாரம் அந்தப் பையனிடம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த சில நாட்களில் மூன்று பெண்கள் வந்து, "அண்ணே, எங்க பேரை அடிச்சிடுங்க" என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓடைப் பக்கம் இதுவரை ஓர் அதிகாரியும் வரவில்லை. மனு மட்டும் மேலே போய்விட்டது.

மிரட்டுவதற்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை, ஐயா. மனுவின் நகல் ஒன்று போதும்.

மனித உரிமைக்காகக் குரல் கொடுக்கும் காவலர்களுக்கான பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது 1998-இல். தொழில் நிறுவனங்களும் மனித உரிமைகளை மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்ற வழிகாட்டு நெறிகளை அதன் மனித உரிமைப் பேரவை ஏற்றது 2011-இல். நம் மத்திய அரசும் 2019-இல் பொறுப்பான தொழில் நடத்தைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் நம் ஊரில் சட்டமாக இருப்பது என்ன? 2014-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய, முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. வந்தாலும் அது அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்குத்தான். நிறுவனத்துக்குள்ளேயே முறையிட நிறுவனச் சட்டம் சொல்லும் ஏற்பாடு, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் போன்ற சிலவற்றின் இயக்குநர்களுக்கும் ஊழியர்களுக்குமானது. மலைமேல் இருக்கும் விடுதிக்கும் எஸ்டேட்டுக்கும், அங்கே நாள்கூலிக்குப் போகிறவருக்கும், கீழே ஓடைத் தண்ணீர் குடிக்கிறவருக்கும் அதில் இடமில்லை. மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம் என்றால், அரசு ஊழியரின் மீறலையோ அலட்சியத்தையோ காட்ட வேண்டும். சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் ஆணையம் விசாரிக்கவும் முடியாது. பாதரசம் ஓராண்டுக்குள் தன் வேலையைக் காட்டிவிடுமா?

பெரிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு வாங்கும் மேசையிலேயே ஒன்றைச் செய்யலாம். மனுவைத் தட்டச்சு செய்து எண் கொடுங்கள். கீழ் அலுவலகத்துக்கும் நிறுவனத்துக்கும் அந்த எண்ணோடு விவரம் மட்டும் போகட்டும். பெயரும் கைநாட்டும் செல்போன் எண்ணும் ஆட்சியர் அலுவலகப் பெட்டியைவிட்டு வெளியே வரக்கூடாது. நகலை வெளியே கொடுத்தது யார் என்று விசாரித்து நடவடிக்கை எடுக்க வேண்டும். புகார் போன ஆறு மாதத்துக்குள் அதே இடத்தில் ஒருவர் வேலையிழந்தால், புகார்தான் காரணம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று மாநில அரசு விதி செய்ய வேண்டும். நிறுவனத்தின் உரிமம் புதுப்பிக்க வரும்போது, அதன்மேல் நிலுவையில் உள்ள புகார்களையும் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

பையன் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். தீபாவளிக்கு வரலாமா, வந்தால் ஏதும் பிரச்சினை ஆகுமா என்று அவன் அம்மா என்னிடம்தான் கேட்டார். வரச் சொல்லுங்கள் என்றேன்.

மறுபடியும் மனு எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை கையெழுத்து ஐந்துதான். அதில் இரண்டு புதுப் பெயர்கள். என் பெயரும் முகவரியும் தங்களுக்குத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அச்சில் போட வேண்டாம். என் பெயர் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் அந்த இரண்டு பேரைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
கொடைக்கானல் மேல்மலை