காட்டேரி மேல் பழி போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர் ஆப்ரகாம் லிங்கன் பகலில் அரசியல்வாதி, இரவில் வெள்ளிப் பூச்சுப் போட்ட கோடரியோடு ரத்தக் காட்டேரிகளை வெட்டிச் சாய்ப்பவர் என்று 2012இல் ஒரு படம் வந்தது, சிலருக்கு நினைவிருக்கலாம். 'ஆப்ரகாம் லிங்கன்: வேம்பயர் ஹன்டர்', திமூர் பெக்மாம்பெடோவ் இயக்கியது. அதை இப்போதுதான் வீட்டில் பிள்ளைகளோடு பார்த்தேன். சண்டைக் காட்சிகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தறிகெட்டு ஓடும் குதிரைக் கூட்டத்தின் முதுகில் தாவித் தாவி அடித்துக்கொள்கிறார்கள், நம்ம மசாலாப் படங்களெல்லாம் பிச்சை வாங்க வேண்டும், நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். படம் முடிந்ததும் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள் கேட்டாள்: "அப்போ அடிமை வியாபாரம் பண்ணுனதே காட்டேரிங்கதானாப்பா?" விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அப்படிப் படவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கதை இதுதான். லிங்கனின் அம்மாவை ஒரு காட்டேரி கடித்துக் கொன்றுவிடுகிறது, பழிவாங்கக் கிளம்பும் பையன் வளர்ந்து பார்த்தால் தென் மாநிலங்கள் முழுக்கக் காட்டேரிகளின் ராஜ்ஜியம், அடிமைகள் அவற்றுக்குச் சாப்பாடு. உள்நாட்டுப் போரில் தென் தரப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் காட்டேரிகளோடு ஒப்பந்தம் போட்டு அவற்றைக் கெட்டிஸ்பர்க் போர்முனைக்கு அனுப்புகிறார், சுட்டாலும் சாகாத பகைவர்களைச் சமாளிக்க வட தரப்பு ஊரிலுள்ள வெள்ளிக் கரண்டி முட்கரண்டிகளையெல்லாம் உருக்கித் தோட்டா செய்கிறது. கேட்க ஜாலியாகத்தான் இருக்கிறது.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வரலாற்றை மாற்றிச் சொல்லும் கதைகள் வழக்கமாக என்ன செய்யும்? ஆட்களை அப்படியே வைத்துக்கொண்டு முடிவை மாற்றும். தோற்றவன் ஜெயித்திருந்தால், செத்தவன் பிழைத்திருந்தால் என்று கேட்கும், அதில்தான் ருசியே. இந்தப் படம் தலைகீழாகச் செய்கிறது. முடிவு எதுவும் மாறவில்லை. கெட்டிஸ்பர்க்கில் 1863 ஜூலையில் வடக்குதான் வெல்கிறது, 1865 ஏப்ரலில் லிங்கன் தான் சுடப்பட்ட அதே நாடகக் கொட்டகைக்குத்தான் கிளம்பிப் போகிறார். மாறியது ஒன்றே ஒன்று, குற்றவாளி. ஏறத்தாழ 40 லட்சம் மனிதர்களைச் சொத்துக் கணக்கில் எழுதி வைத்திருந்தவர்கள் பல்லும் நகமும் நம்மைப் போலவே உள்ள சாதாரண ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனவர்கள், பருத்தி விலையைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள். டேவிஸுக்குத் துணை அதிபராக இருந்த அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் ஒரு பொதுக்கூட்டத்தில், கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமானவர் இல்லை என்பதுதான் எங்கள் புதிய அரசாங்கத்தின் மூலைக்கல் என்று பச்சையாகப் பேசினார். அதற்குக் கோரைப்பல் எதுவும் தேவைப்படவில்லை. அந்தப் பேச்சுக்குக் கைதட்டியவர்களை எந்த வெள்ளித் தோட்டாவால் கணக்குத் தீர்ப்பது?

அம்மாவின் சாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்சி லிங்கன் 1818இல் இறந்தது பால் நோயால். காட்டோரம் மேய்ந்த பசு ஒரு விஷச்செடியைத் தின்றுவிடும், அதன் பாலைக் குடித்தவர்களும் சாவார்கள், அப்போது ஏன் என்றே யாருக்கும் தெரியாது. ஒன்பது வயதுப் பையன் ஒருவன், காரணம் தெரியாமல் அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு அப்புறம் லிங்கனாக ஆனான் என்பது எவ்வளவு பெரிய கதை! அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வில்லனை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பொழுதுபோக்குப் படத்துக்கு இவ்வளவு வியாக்கியானமா என்பீர்கள். சரி, அதே காட்டேரியை வைத்து வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த சிலி நாட்டுப் படம் 'எல் கோண்டே' இருக்கிறது. பாப்லோ லரேன் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். 1973 செப்டம்பர் 11ஆம் தேதி ஆட்சியைக் கவிழ்த்த ஜெனரல் பினோசே, 250 வயதுக் காட்டேரி. பிரெஞ்சுப் புரட்சியில் ராணியின் தலையை வெட்டிய கத்தியில் ஒட்டியிருந்த ரத்தத்தை நக்கிப் பார்ப்பதில் தொடங்குகிறது அவர் கதை. 2006இல் செத்ததும் நாடகம்தான், எங்கோ பாழடைந்த பண்ணை வீட்டில் ஒளிந்து வாழ்கிறார், மனித இதயத்தை மிக்சியில் போட்டு அடித்துக் குடிக்கிறார். (இதை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் பார்க்காதீர்கள்.)

இங்கேயும் காட்டேரிதான், ஆனால் பழி இடம் மாறவில்லை. கிழவருக்குக் கொலைகாரன் என்று சொன்னால் உறைக்காது, திருடன் என்று சொன்னால்தான் ரோஷம் வருகிறது. கணக்குப் பிள்ளை என்ற பெயரில் ஒரு கன்னியாஸ்திரி வந்து உட்கார்ந்து எந்த வீடு, எந்தக் கம்பெனி, எந்த வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்க, சாதாரண மனிதர்களான அவருடைய பிள்ளைகள் சொத்து எப்போது கைக்கு வரும் என்ற ஒரே கவலையில் எல்லாவற்றையும் உளறிக் கொட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கோரைப்பல்லைவிட இந்தப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது. நிஜ பினோசே எந்த வழக்கிலும் தண்டனை பெறாமலேயே செத்தார். அவர் ஆட்சியில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் 3,000க்கு மேல். சாகாத காட்டேரி என்று அவரைச் சொல்வதில் அதனால் ஒரு நியாயம் இருக்கிறது.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். சினிமா பார்க்கும் நண்பர்கள் கூடினால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார், ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்து 'சியோனான்' என்று பெயர் மாற்றி ஆண்ட காலத்தை வைத்துத் தமிழில் ஒரு காட்டேரிப் படம் எடுக்கலாம், வந்து இறங்கிய ஜப்பானிய ராணுவமே காட்டேரிப் படை என்று வைத்துவிட்டால் பிரமாதமாக இருக்கும் என்று. பிரமாதமாக இருக்காது. 1942 பிப்ரவரியில் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திக் கொல்வதற்கென்று பிரித்தெடுத்த வேலையைச் செய்தவர்கள் பட்டியலும் முத்திரையும் வைத்திருந்த மனிதர்கள், முகமூடி போட்டுக்கொண்டு ஆள் காட்டிக் கொடுத்தவர்களும் மனிதர்கள். சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதும் அப்படித்தான், முதலில் நல்ல கூலி, கொஞ்ச நாள் வேலை என்று ஆசை காட்டினார்கள், ஆள் வராதபோது வலுக்கட்டாயமாக இழுத்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே போனார்கள், அவர்களில் பலருக்குக் கல்லறைகூடக் கிடையாது. அந்தக் குடும்பங்களில் வந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உங்கள் தாத்தாவைக் கொன்றது காட்டேரி என்று சொல்ல முடியுமா?

ஆனால் காட்டேரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. உண்மையில் சியோனானைவிடப் பொருத்தமான களம் கிடைக்காது. ஒரே ராத்திரியில் ஊரின் பெயர் மாறுகிறது, ஆவணங்களில் ஜப்பானிய நாட்காட்டிப்படி வருடம் 2602 ஆகிறது, கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். யாரும் கற்பனை செய்யாமலேயே இன்னொரு உலகம்! அதில் ஒரு காட்டேரியை இறக்கி விடுங்கள். கடிகாரம் காலை எட்டு என்கிறது, வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. ஊரே கடிகாரத்துக்குப் பயந்து வேலைக்கு ஓடுகிறது, அவள் ஒருத்தி மட்டும் சூரியனைப் பார்த்து நேரம் கணிக்கிறாள். அப்புறம் அந்த வாழைமர நோட்டு. ஜப்பானியர் அச்சடித்த பத்து வெள்ளி நோட்டில் குலை தள்ளிய வாழைமரம் இருக்கும், மலாய்க் கதைகளில் வரும் ரத்தம் குடிக்கும் பெண்பேய் பொந்தியானாக் குடியிருப்பதும் வாழைமரத்தில்தான் என்பார்கள். அவளுடைய வீட்டை எல்லாரும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள், அதன் மதிப்போ நாளுக்கு நாள் சரிகிறது, ஒரு மூட்டை நோட்டுக்கு ஒரு மூட்டை அரிசிகூடக் கிடைப்பதில்லை. திரைக்கதை எழுதத் தெரிந்தவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், நான் காசு கேட்க மாட்டேன்.

அவள் யார் பக்கம், யார் ரத்தத்தைக் குடிக்கிறாள் என்பதை எழுதுபவர் முடிவு செய்யட்டும். முகமூடிக்காரனும் பட்டியல்காரனும் மனிதர்களாகவே இருந்துவிட்டால் எனக்குப் போதும்.

இதில் நமக்கு ஒரு முன்னோடியும் இருக்கிறது. 1957இல் கேத்தே-கெரிஸ் தயாரிப்பில், இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ் இயக்கி மரியா மெனாடோ நடித்த 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் படம் இங்கே சக்கைப்போடு போட்டது. அதில் அவள் பேயாவதே கணவனின் உடம்பில் ஏறிய பாம்பு விஷத்தை வாயால் உறிஞ்சி எடுக்கப்போய், ரத்தம் நாவில் பட்டதால்தான். எத்தனை அழகான காரணம்! கேத்தே அரங்கில் அது ஓடியபோது, அதே கேத்தே கட்டடத்தில் 1943இல் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்து 14 வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பார்க்க வந்த கூட்டத்தில் போரைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்.

அந்த முதல் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. அதைத் தியேட்டரில் பார்த்த தாத்தா பாட்டிகள் உங்கள் வாசகர்களில் இருக்கக்கூடும். வாராவாரம் புதுப்பட வசூல் கணக்குப் போடும் சினிமாப் பக்கத்தில் ஒரு வாரம் மட்டும் கொஞ்சம் இடம் ஒதுக்கி, எந்தக் காட்சி நினைவிருக்கிறது, எந்தக் காட்சியில் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து ஓடினார் என்று அவர்களைக் கேட்டுப் போடுங்களேன். பேரப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்தாலும் சரிதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தெம்பனிஸ்